ஆறு கோடிக்குப் பிறகு

சொல்லியாயிற்று. ஆறு கோடி ரூபாய், மூன்று வருடத்துக்கு, என்று நாக்கு தடுமாறாமல், இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டாள் சுகிர்தா. சொன்ன கையோடு வாயை மூடிக்கொண்டாள். இனி எதிரே உட்கார்ந்திருக்கும் சென்னியப்பன்தான் பேச வேண்டும். அவர் பேசுகிற வரைக்கும் அவளும் பேசக் கூடாது, பக்கத்து நாற்காலியில் இருக்கும் வேலாயுதண்ணனும் பேசக் கூடாது. பணக்காரர்களிடம் பெரிய தொகை கேட்கிற இந்த உத்தியோகத்தில் இருக்கிற ஒரே வித்தை அதுதான். கேட்டுவிட்டால் சும்மா இருக்க வேண்டும். கேட்டவர் மறுபடி வாயைத் திறந்தால் தொகையைக் குறைக்கத்தான் திறப்பார். சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொள்ளாமல் மேஜைமேல் வைத்தார். வைத்தது நல்லதுக்கா, கெட்டதுக்கா? கண்ணாடி இல்லாத அந்த முகம் கொஞ்சம் இளையதாக, இப்போதுதான் தூங்கி எழுந்ததுபோல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே அவருடைய வார்ப்பட ஆலை உறுமிக்கொண்டிருந்தது. இரும்பை உருக்கி, மண் அச்சில் ஊற்றி, பம்பு மோட்டாருக்கு உடல் வார்க்கிற இடம். ஏசி போட்ட அறைக்குள்ளும் அதன் வாசனை வந்துவிட்டது. சுட்ட மண், அதோடு பாகு அடிப்பிடித்த மாதிரி ஒரு கருகல் இனிப்பு. அவளுக்குப் பசித்தது. ஆறு கோடி கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற நேரத்தில் பசிக்கிறதே என்று சிரிப்பு வந்தது. சிரிப்பைக் கன்னத்துக்குள்ளேயே மடித்து வைத்துக்கொண்டாள். முகம் அமைதியாக இருக்கிறதா? இருக்கிறது என்றுதான் நினைக்கிறாள். உள்ளேதான் ஒரே ஆட்டம், கல்யாண வீட்டுக்குள் புகுந்த குழந்தைகள் மாதிரி ஓர் அறை விடாமல் ஓடுகிறது.

பேசுங்கள் சார். இல்லை, பேசாதீர்கள், யோசியுங்கள், நன்றாக யோசியுங்கள். யோசிக்கிறவர் இல்லை என்று சொல்லமாட்டார், இல்லை என்பவருக்கு யோசனை எதற்கு? ஆனால் இந்த ஊரில் யாரும் இல்லை என்று சொல்வதில்லையே. பாக்கலாமுங்க என்பார்கள். அந்தப் பாக்கலாமுங்கவை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வாசலில் நிற்க வேண்டியதுதான். பாக்கலாமுங்க மட்டும் வேண்டாம், கடவுளே. பாக்கலாமுங்க என்றால் புதுத்தடம் முடிந்தது. வேலாயுதண்ணன் ஆரம்பித்த அமைப்பு அது. ஃபவுண்டரியிலும் பனியன் கம்பெனியிலும் ஹெல்பராகச் சேர்ந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்று, முடி நரைத்து, அப்போதும் ஹெல்பராகவே இருக்கிறவர்களைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் சொல்கிறபடி இரும்பு கடைகிற எந்திரம் ஓட்டவும், தரம் பார்க்கவும், உற்பத்தி லைனை மேய்க்கவும் பழக்குகிற இடம். பழக்குவது பெரிய காரியமில்லை. படிக்கிற மாதங்களில் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, அதுதான் பெரிய காரியம். வேலையை விட்டுவிட்டு வந்து படி என்றால் எவன் வருவான், எவள் வருவாள்? அதனால் அந்த மாதங்களின் சம்பளத்தைப் புதுத்தடம் கொடுக்கும். அதற்குப் பணம் தந்துகொண்டிருந்த வெளிநாட்டு அறக்கட்டளை தன் கவனத்தை வேறு கண்டத்துக்குத் திருப்பிக்கொண்டுவிட்டது. இப்போது படிக்கிறவர்கள் படித்து முடிப்பதோடு கையிருப்பும் முடிகிறது. அடுத்த அணியில் சேரப் பேர் கொடுத்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியவள் அவள்தான். சிந்தாமணியின் தங்கையும் அதில் இருக்கிறாள். சிந்தாமணி! ஃபவுண்டரியில் மண் சுமந்துகொண்டிருந்தவள், புதுத்தடத்தில் படித்து இப்போது பம்பு உடலைத் தட்டிப் பார்த்து, அளந்து பார்த்து, இது தேறாது தூக்கிப் போடு என்று சொல்கிற இன்ஸ்பெக்டர். போன வாரம் ஸ்கூட்டரில் வந்து இறங்கி என்ன சொன்னாள்? "முன்னெல்லாம் லோனுக்கு நான் கூப்பிட்டா பேங்க்காரன் போன எடுக்க மாட்டானுங்க மேடம். இப்ப அவனே லோன் வேணுமான்னு கூப்பிடறான், நான் எடுக்கறதில்ல." சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கு எத்தனை கோடி கேட்டாலும் தகும். ஆறு குறைவோ? எட்டு கேட்டிருக்கலாமோ? சே, வாயை மூடு, மனதுக்குள்ளேயும் பேசாதே.

சென்னியப்பன் மேஜைமேல் இருந்த ஒரு சிறிய வார்ப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை அகலம், நடுவில் ஓட்டை. பார்த்துவிட்டு வைத்துவிட்டார். இவருக்குக் கொடுக்கிற கைதான். ஊரில் கல்யாண மண்டபம் கட்டிக் கொடுத்திருக்கிறார், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வகுப்பறை, கோயிலுக்கு அன்னதானக் கூடம். எல்லாவற்றிலும் கல்லில் பேர் வெட்டியிருக்கிறது, தாயார் தகப்பனார் நினைவாக என்று. தப்பே இல்லை. இங்கே கொடுக்கிற பழக்கமே அப்படித்தான். ஒரு டியூப் லைட் கொடுத்தால்கூட உபயம் இன்னார் என்று சிவப்புப் பெயின்டில் எழுதி, வெளிச்சம் பாதியும் எழுத்து பாதியுமாக எரிகிறது. அவள் கேட்டிருப்பதிலோ எழுத இடமே இல்லை. சுவர் இல்லை, கதவு இல்லை, மின்விசிறி இல்லை. ஒருத்தி நிம்மதியாக உட்கார்ந்து படிக்கிற ஒன்பது மாதம். அதில் எந்த மூலையில் பேர் எழுதுவது? சிந்தாமணியின் முதுகிலா? அவர் இப்போது அதைத்தான் யோசிக்கிறாரோ. ஒரு கட்டிடம் கட்டித் தரட்டுங்களா என்று ஆரம்பித்துவிடுவாரோ. ஆரம்பித்தால் என்ன சொல்வது என்று காரில் வரும்போதே ஒத்திகை பார்த்திருந்தாள், இப்போது அதில் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. காரில் ஒத்திகையைவிடச் சண்டைதானே அதிகம். "நான் வாயே தொறக்க மாட்டேன் அம்மிணி, சத்தியமா" என்றார் வேலாயுதண்ணன். "போன தடவையும் சத்தியம் பண்ணினீங்க அண்ணா." "போன தடவ அந்த மனுசன் மூஞ்சியப் பாத்ததும் பாவமாப் போச்சு." "பாவமா? அவருக்கு மூணு ஸ்பின்னிங் மில்லு இருக்கு." "மில்லு இருந்தா மூஞ்சி பாவமா இருக்கக் கூடாதா?" போன தடவை, திருப்பூரில், அவள் இரண்டு கோடி என்று சொல்லி நிறுத்தினாள். மில்காரர் மோட்டுவளையைப் பார்த்தார். நல்ல மௌனம், பழுத்துக்கொண்டிருந்த மௌனம். அதில் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, "அவ்வளவு இல்லீன்னாலும், ஏதோ, உங்களால முடிஞ்சதப் பாருங்க" என்றார். மில்காரர் முகத்தில் விடுதலையான சந்தோஷம். அப்போதே இரண்டு லட்சத்துக்குக் காசோலை, அண்ணனுக்கு ஒரு பொன்னாடை, அவளுக்கு ஒரு டப்பா மைசூர்பாகு. படியிறங்கும்போது அண்ணன் சொன்னார், "நல்ல மனுசன் அம்மிணி." மைசூர்பாகும் நன்றாகத்தான் இருந்தது, அந்தக் கோபத்திலும் இரண்டு துண்டு தின்றாள்.

ஆனால் அண்ணனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அந்த வாக்கியம் அவள் தொண்டையிலும் இருக்கிறது. இதோ, இப்போதே, நாக்குக்கு அடியில், கரையாத மாத்திரை மாதிரி. உங்களால் முடிந்ததைப் பாருங்கள். எவ்வளவு மரியாதையான வாக்கியம். எதிரில் இருக்கிறவரைச் சங்கடப்படுத்தாமல், தன்னையும் கெஞ்ச வைக்காமல், இரண்டு பேரும் தலைநிமிர்ந்து வெறுங்கையோடு பிரிந்து போகலாம். அமெரிக்காவில், மினியாபொலிஸில் இருந்த அத்தனை வருடமும் இந்த வாக்கியம் அவளுக்கு வந்ததே இல்லை. அங்கே ஒரு மருத்துவமனைக்கு நிதி திரட்டினாள். ஆங்கிலத்தில் இரண்டு மில்லியன் டாலர் என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள், நெஞ்சு ஒரு தட்டுகூட அதிகமாகத் தட்டாது. அந்த மொழி நாடகத்துக்குப் போட்டுக்கொண்ட இரவல் நகைபோல, தொலைந்தாலும் தன் சொத்து இல்லை. வேலை கற்றுக்கொடுத்த பாட்ரிசியா சொல்வாள், கேட்ட பிறகு உன் தொகையை அந்த அறையில் தனியாக விடு, அது தானே நடக்கப் பழகட்டும் என்று. அழகாகத்தான் சொன்னாள். பாட்ரிசியா இந்த அறையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இங்கே யாராவது சும்மா இருந்தால் உடனே என்னங்க உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள், இல்லாவிட்டால் சாப்பிடுங்க என்பார்கள். ஊருக்குத் திரும்பி வந்த புதிதில் நாகர்கோவிலில் சித்தி கேட்டாள், அங்கே உனக்கு என்னதான் வேலை என்று. பணக்காரங்ககிட்ட பணம் கேக்கது என்றாள் இவள். சித்தி, "அதுக்கா மக்ளே அமெரிக்கா வரைக்கும் போன?" என்றாள். அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். தமிழில் ஆறு கோடி என்று சொன்னபோது இன்றைக்குத்தான் புரிந்தது, சித்தி கேட்டது நியாயமான கேள்வி. இது இரவல் நகை இல்லை. கோடி என்ற சொல் பல்லில் பட்டு, உதட்டில் பட்டு, உடம்பு முழுக்கத் தொட்டுக்கொண்டுதான் வெளியே போனது. காதுமடல் இன்னும் சுடுகிறது.

பயமா இது? பயம்தான் என்று இவ்வளவு நேரமும் நினைத்திருந்தாள். பயம் என்றால் கை சில்லிட வேண்டுமே, சுடுகிறதே. இந்தச் சூடு அவளுக்குத் தெரியும், எங்கேயோ பார்த்த முகம்போலத் தெரியும். எங்கே? சின்ன வயதில், சர்ச்சில் நடந்த அறுப்பின் பண்டிகை. ஆமாம், அதுதான். கோயில் முற்றத்தில் காணிக்கையாக வந்த வாழைக்குலையும் பூசணியும் சேவலும் குவிந்து கிடக்க, அப்பா நாற்காலிமேல் ஏறி நின்று ஏலம் விடுவார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், வீட்டில் அதிர்ந்து பேசாதவர், அன்றைக்கு மட்டும் அந்த நாற்காலியில் வேறு ஆள். ஒரு வருடம் ஒரே ஒரு பலாப்பழத்துக்கு இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள், மீன் வியாபாரி ஒருவர், ரப்பர் தோட்டக்காரர் ஒருவர். கடையில் வாங்குவதைப்போலப் பத்து மடங்கு ஏறிவிட்டது விலை. அப்பா, ஒரு தரம் என்றார். ரெண்டு தரம் என்றார். அப்புறம் நிறுத்தினார். யார் முகத்தையும் பார்க்காமல் தென்னை மரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார். முற்றம் முழுக்க மூச்சு இல்லை. சேவல்கூடச் சத்தம் போடவில்லை. குவியலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்த சுகிர்தாவுக்குக் காதுமடல் சுட்டது, கத்த வேண்டும்போல, ஓட வேண்டும்போல, மூத்திரம் வருவதுபோல, எல்லாம் ஒன்றாக. யாரோ ஒருவர் தான் நினைத்ததைவிடப் பெரிய மனிதராக ஆவதற்கு அந்த இடைவெளியில் ஓர் இடம் இருந்தது. அப்பா அதை அவசரப்படுத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான் அவர் செய்தது. அட, இது பயமே இல்லை. இது அந்தச் சந்தோஷம். இத்தனை வருடம் ஆங்கிலத்தில் இதைக் காணாமல் தேடினேனா, அல்லது காணவில்லை என்றே தெரியாமல் இருந்தேனா? சும்மா உட்கார்ந்திருப்பது சட்டென்று எளிதாகிவிட்டது அவளுக்கு. இப்படியே சாயங்காலம் வரைக்கும் உட்காரலாம். யோசியுங்கள் சார். நிதானமாக. அந்த இடத்தில் நீங்கள் நிற்க எவ்வளவு இடம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் பக்கத்து நாற்காலியில் காற்று அசைந்தது. வேலாயுதண்ணன் பேசுவதற்கு முன் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பார், மெல்லிய விசில் சத்தத்தோடு. ஆயிரம் கூட்டங்களில் கேட்ட விசில். ஐயோ, இழுக்கிறார். இழுத்துவிட்டார். வாய் திறக்கிறது. அவ்வளவு இல்லீன்னாலும் என்று வரப்போகிறது, முடிஞ்சதப் பாருங்க என்று வரப்போகிறது. சிந்தாமணியின் தங்கை மண் சுமக்கப் போகிறாள், ஒரு பொன்னாடை வரப்போகிறது. சுகிர்தாவின் கால் தானாகவே நீண்டு அவர் கால்மேல் ஏறியது. செருப்பை எல்லாரும் வாசலில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். வெறுங்கால்மேல் வெறுங்கால். அழுத்தி மிதித்தாள். விசில் நின்றது. வாய் மூடிக்கொண்டது. பிழைத்தோம் என்று நினைத்த அதே நொடியில், அவளைக் கேட்காமலே, அவளுடைய வலது கை புறப்பட்டுப் போய் அண்ணனின் தோளைத் தொட்டு, திரும்பி வந்து அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டது. பெரியவர்கள்மேல் கால் பட்டுவிட்டால் கேட்கிற மன்னிப்பு. மினியாபொலிஸ் பஸ்ஸில் யார் யார்மேலோ கால் பட்டுப் பட்டுச் செய்து, அவர்கள் விழித்து, அப்படியும் போகாத பழக்கம். இங்கே மட்டும் போய்விடுமா? கண்ணில் ஒற்றிய கையை எடுத்தபோது சென்னியப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஏனுங் அம்மிணி" என்றார். "எதுக்கு அண்ணன் கால மிதிச்சீங்க?"

பாட்ரிசியாவின் பாடத்தில் இதற்குப் பதில் இல்லை. அவர்தான் முதலில் பேசினார், அப்படியானால் ஜெயித்தாயிற்றா? இதை ஜெயம் என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது? பொய் சொல்லலாம், எறும்பு என்று சொல்லலாம். "அண்ணன் பேசினா தொகை குறைஞ்சிரும் சார்" என்றாள்.

சென்னியப்பன் முதலில் சிரிக்கவில்லை. வேலாயுதண்ணனின் முகத்தைப் பார்த்தார். அண்ணன் தலையைக் குனிந்து, "நெசந்தானுங்க, எனக்கு வாய் நிக்காது" என்றதும் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து, இருமி, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டபோது சிரிப்பும் போய்விட்டது. "செரி, அவர் பேச வேண்டாம். நீங்க சொல்லுங்க. எங்க ஆலை ஆளுகளையும் இதுல சேத்துவீங்க. ஒம்பது மாசம் அவங்களுக்கு என்ற காசுல சம்பளம். படிச்சு முடிச்ச ஆளு எங்கிட்டயே திரும்பி வருவானுங்களா?"

இதுதான் அது. பேர் எழுதுகிற சுவர் இல்லை, கட்டிடம் இல்லை, இவ்வளவு நேரமும் அந்தக் கண்ணாடியைத் துடைத்ததும் வார்ப்பைத் திருப்பிப் பார்த்ததும் இதற்குத்தான். என்ன பதில் வேண்டும் என்பது அவர் குரலிலேயே இருந்தது. வருவாங்க சார் என்று ஒரு சொல், அதற்கு ஆறு கோடி. பாதிப் பேர் வருவாங்க என்றாலும் போதும். பக்கத்தில் அண்ணனின் கால் இப்போது ஆடாமல் இருந்தது, அவரும் காத்திருக்கிறார். சிந்தாமணி முன்பு இருந்த கம்பெனிக்குத் திரும்பிப் போனாளா? போகவில்லை. அங்கே கூப்பிட்டார்கள், பழைய சம்பளத்தில் கொஞ்சம் போட்டுத் தருகிறோம் என்றார்கள், இவள் பஸ் மாறி இன்னொரு ஊருக்குப் போனாள். போனதால்தான் ஸ்கூட்டர். போனதால்தான் அந்தச் சிரிப்பு. வருவாங்க என்று சொன்னால் அது சிந்தாமணியைத் திரும்பக் கொண்டுபோய் மண்ணில் விடுவது. நெஞ்சு தாளம் தப்பாமல் அடித்தது. காதுமடல் சுட்டது. சொல்லப்போகிறோம் என்று தெரிந்ததும் ஒரு குதூகலம், உயரத்திலிருந்து கிணற்றுத் தண்ணீரில் குதிப்பதற்கு முன்னால் வருகிற குதூகலம்.

"வரமாட்டாங்க சார்" என்றாள் சுகிர்தா. "கொஞ்சப் பேர் வரலாம். மத்தவங்க சம்பளம் அதிகம் குடுக்கிற எடத்துக்குப் போயிருவாங்க. அதுக்குத்தான் இதையே நடத்துறோம்."

"நான் அதிகம் குடுத்தா?"

"வருவாங்க."

"ஆறு கோடியும் குடுத்து, ஆளையும் குடுத்து, அப்பறம் சம்பளத்தையும் ஏத்தோணும்."

"ஆமாங்க சார்."

சென்னியப்பன் நாற்காலியில் சாய்ந்து மோட்டுவளையைப் பார்த்தார். திருப்பூரில் பார்த்த அதே பார்வை. வெளியே ஆலையில் எதையோ உதறிக் கொட்டினார்கள், தரை அதிர்ந்தது. போகட்டும், போனால் போகட்டும், வேறு கதவு தட்டலாம், அடுத்த அணியை ஒரு வருடம் தள்ளலாம், இல்லை, தள்ள முடியாது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்கப்போவதில்லை. என்ன விசித்திரம், முடிந்ததைப் பாருங்கள் என்ற அந்த மாத்திரை நாக்கின் அடியில் இல்லவே இல்லை. எப்போது கரைந்தது? வேலாயுதண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கண் கலங்கியிருந்தது, மிதித்த வலியாகவும் இருக்கலாம்.

"இந்த ரூமுல உக்காந்து எங்கிட்ட இப்படிக் கேட்ட ஆள் இல்லீங்க" என்றார் சென்னியப்பன், மோட்டுவளையிடம். அப்புறம் நிமிர்ந்து மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றினார். "குடுக்கறேன். ஆறும் குடுக்கறேன். வருசத்துக்கு ரெண்டு. ஆனா ஒண்ணுங் அம்மிணி. எங்க ஆலைல இருந்து எடுக்கற ஆளுகள நீங்களே பொறுக்கோணும். எங்கிட்ட உடாதீங்க. நான் பொறுக்குனா நல்ல ஆள அனுப்ப மாட்டேன்."

நன்றி சார் என்று சொல்ல வேண்டும். எழுத்தில் எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்க வேண்டும், கையெழுத்து, ஒப்பந்தம், எத்தனையோ இருக்கிறது வரிசையாக. அவள் அதற்குள் எழுந்து நின்றுவிட்டிருந்தாள். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. இவர் மனது மாறிவிடும் என்ற பயத்தால் இல்லை, உட்காரவே முடியவில்லை அவளால், அவ்வளவுதான். "இப்பவே உள்ள போய்ப் பாக்கலாமா சார்?" என்றாள். "ஷிப்ட் மாறுறதுக்குள்ள?"

"இப்பவேவா?" என்றார் சென்னியப்பன். ஆனால் அவரும் எழுந்துவிட்டார், எழுந்து கதவைத் திறந்தார், உருகிய இரும்பின் அனல் மூன்று பேர் முகத்திலும் அடித்தது.